திரும்பி வரும் மேடை

1875ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பொது நூலகம் தொடங்கப்பட்டது. அப்போது இந்த ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. கலெக்டர் பென்னிங்டனின் பெயரையே நூலகத்துக்கு வைத்தார்கள். சென்னையில் கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்டது 1896இல்தான். அதற்கு 21 ஆண்டு முன்னாலேயே ஒரு கோயில் ஊரில் பொதுமக்கள் போய் உட்கார்ந்து படிக்க இடம் இருந்தது. நூலகம் வந்த மறுவருஷம், 1876இல், நாடகங்களை அடக்குவதற்கென்று ஒரு சட்டத்தை வெள்ளையர் அரசு நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. அரசுக்கு எதிரானது என்று தோன்றினால் நாடகத்தை நிறுத்தலாம், நடித்தவரைத் தண்டிக்கலாம். புத்தகத்துக்குக் கட்டடமும் நாடகத்துக்குப் போலீசும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், மலையடிவாரத்து வத்திராயிருப்பு, அதை ஒட்டிய வ. புதுப்பட்டி என்று நீளும் இந்த வட்டாரத்தில் இளம் எழுத்தாளரும் நடிகரும் எப்படி உருவானார்கள் என்று பார்க்க இந்த இரண்டு வருஷங்களிலிருந்து தொடங்குவது பொருத்தம். கலைஞரை வளர்ப்பது பாராட்டும் பரிசும் என்று பொதுவாக நம்புகிறோம். இங்குள்ள வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. ஒரே மேடை திரும்பத் திரும்பக் கிடைத்தவர்கள் வளர்ந்தார்கள். அப்படித் திரும்பி வந்த மேடை எதுவாக இருந்தாலும், அதன் அடியில் யாரோ தவறாமல் கொடுத்த காசு இருந்தது.

பென்னிங்டன் நூலகம் ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் நிற்பதற்கு அதை நிறுவியவர்களின் நல்லெண்ணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. நல்லெண்ணத்தோடு தொடங்கிய எத்தனையோ வாசகசாலைகள் பெஞ்சும் அலமாரியும் மட்டும் மிஞ்சி அழிந்திருக்கின்றன. இந்த நூலகத்துக்குச் சொந்தச் சொத்து இருந்தது. ஊர்க்காரர்கள் இன்றும் பென்னிங்டன் மார்க்கெட் என்று சொல்லும் சந்தைக் கடைகளின் வாடகை நூலகத்தைத் தாங்கியது. காய்கறி வாங்க வந்த கூட்டம், தான் அறியாமலே, பக்கத்தில் படிக்க வந்தவனுக்கு நாளிதழ் வாங்கிக் கொடுத்தது. கொடையாளி மறைந்தாலும் கலெக்டர் மாறினாலும் வாடகை வந்துகொண்டிருக்கும். படிக்கிற பையனுக்கு இதனால் வரும் பலன் பெரிது. இன்று பாதியில் வைத்துவிட்டுப் போன புத்தகம் நாளையும் அதே அலமாரியில் இருக்கும் என்ற உறுதிதான் வாசிப்பைப் பழக்கமாக்குகிறது.

வெள்ளைக்காரக் கலெக்டர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த ஊருக்கு இந்தக் கணக்கு தெரியும். ஆண்டாள் கோயிலில் நடக்கும் அரையர் சேவை ஆழ்வார்களின் பாசுரங்களைப் பாடி, அபிநயம் பிடித்து, பொருள் விரித்துச் சொல்லும் கலை. கூம்பிய குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் நிற்கிறார். நாதமுனிகள் காலத்தில் தொடங்கியதாகச் சம்பிரதாயம் சொல்லும் இந்தக் கலை இன்று ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர், மேல்கோட்டை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களில்தான் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சியதற்குக் காரணம் கோயிலின் நாட்காட்டி. மார்கழி வந்தால் பகல்பத்தும் இராப்பத்தும் வரும். அரையர் வந்து நின்றாக வேண்டும். வீட்டில் வளரும் பையனுக்கு அதற்குள் பாசுரம் மனப்பாடமாகியிருக்க வேண்டும். மழை, பஞ்சம் எதற்காகவும் மார்கழி தள்ளிப்போவதில்லை. கோயில் கொடுத்த மரியாதையும் மானியமும் அந்தக் குடும்பத்தை ஊரிலேயே இருத்தின. தேதியும் ஆதரவும் சேர்ந்து ஒரு கலையைத் தலைமுறை தாண்டிக் கடத்தியதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் அந்தப் படிக்கட்டில் ஏற முடிந்தவர்கள் சில குடும்பத்து ஆண்பிள்ளைகள் மட்டும். ஒரு பெண்ணின் பாட்டால் பெயர் பெற்ற ஊரிலேயே அந்தப் பாட்டை அரையராக நின்று அபிநயிக்கப் பெண்ணுக்கு இடமில்லை. கலையைத் தாங்கிய ஏற்பாடு ஆட்களைத் தள்ளியும் வைத்தது. இதை மறைத்துவிட்டுக் கோயிலைப் புகழ்ந்தால் வரலாறு பாதிதான் சொன்னதாகும்.

கதவை அகலத் திறந்தது நாடகம். தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். முழுக்கச் சிறுவர்களைக் கொண்ட கம்பெனி அது. டி. கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. அந்தச் சிறுவனுக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது தமிழ் நாடக உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. வியப்பு வேகத்தில் இல்லை. இந்தப் பையனுக்குக் குரல் எதுவரை எட்டும், எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று பக்கத்திலேயே இருந்து கேட்டுக் கேட்டு அறிந்த ஆசிரியர், அந்தக் குரலுக்கு அளவெடுத்து ஒரு நாடகம் தைத்துக் கொடுத்தார். ஆண்டுக்கொரு முறை போட்டி வைத்துப் பரிசு கொடுக்கும் நடுவருக்கு அது முடியாது. பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகப் போயின. கொட்டகை போட்டு, டிக்கெட் விற்று, கூட்டம் வற்றும்வரை ஆடின. அதே பையன் நேற்று தவறவிட்ட இடத்தை இன்று சரிசெய்து பாட வாய்ப்பு இருந்தது. என். எஸ். கிருஷ்ணனும் எம். ஜி. ராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் இப்படிப்பட்ட கம்பெனிகளிலிருந்து வந்தவர்கள். தமிழ் சினிமாவின் முதல் ஐம்பது ஆண்டு நடிப்பு பெரும்பாலும் கொட்டகை வருமானத்தில் பழகியது என்று சொல்வதில் மிகை இல்லை.

கம்பெனிகள் கரைந்த பிறகும் அந்த நாடகங்கள் கிராமத்தில் நின்றன. ஸ்பெஷல் நாடகம் என்ற ஏற்பாட்டில் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறெங்கிருந்தோ வந்தும் இரவு பத்து மணிக்கு மேடையில் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. ‘வள்ளி திருமணம்’ எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் விடியும்வரை நாடகம் ஓடும். இதற்குப் பணம் கொடுத்தது யார்? பங்குனியிலும் சித்திரையிலும் அம்மன் கோயில் பொங்கலுக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கும் தலைக்கட்டு வரி. புரவலர் என்று ஒருவர் தனியாக இல்லாமல், ஊரே சிறுசிறு தொகையாகக் கலையைத் தாங்கிய முறை இது. வரி கட்டியவன் முன்வரிசையில் உட்கார்ந்து, பாட்டு சரியில்லை என்றால் எழுந்து கேட்கவும் செய்வான். போன வருஷம் பவளக்கொடி பாடியவளை இந்த வருஷம் பாடுகிறவளோடு ஒப்பிடத் தெரிந்த கூட்டம் அது. புதிதாக மேடையேறும் பிள்ளைக்கு அந்த நினைவாற்றல் கடுமையான பள்ளிக்கூடம்.

இங்கே ஒரு மறுப்பு எழுவது நியாயம். பாய்ஸ் கம்பெனி என்பது குழந்தை உழைப்பு. ஒப்பந்தத்தில் கட்டுண்டு, அடி வாங்கி, இரவெல்லாம் விழித்து, குரல் உடைந்ததும் வெளியே அனுப்பப்பட்ட சிறுவர்கள் அங்கு இருந்தார்கள். உண்மைதான், அந்த முறை திரும்ப வரவே கூடாது. சாதியும் அரசும் செய்த கொடுமை இதோடு சேரும். சிவகாசியில் 1886இல் பிறந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸ், முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தவர்; அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். மேடையில் தேசியப் பாட்டுப் பாடியதற்காக அவரை அரசு திரும்பத் திரும்பச் சிறையில் வைத்தது. 1940ஆம் ஆண்டின் கடைசி நாளில், சென்னையில், முருகன் வேடத்தில் மயில் வாகனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. இவ்வளவு பகைக்கும் நடுவில் அவரைக் கலைஞராக நிறுத்தியது எது என்று கேட்க வேண்டும். அடுத்த ஊரும் அவரை நாடகத்துக்கு அழைத்ததுதான். அழைப்புக்குப் பின்னால் ஊர்ப் பணம் இருந்தது. ஆதலால் ஒரு ஜமீன்தாரோ ஒரு கலெக்டரோ முகம் சுளித்ததால் அவர் பாட்டு நின்றுவிடவில்லை. பழைய ஏற்பாடுகளின் கொடுமையை விலக்க வேண்டும். அவற்றின் தொடர்ச்சியையும் சேர்த்து விலக்கிவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

ராஜபாளையத்தில் கதை வேறு பாதையில் போனது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா, இந்த ஊரில் இருந்த தம் வீட்டையே கலைகளுக்காகக் கொடுத்தார். அதுவே காந்தி கலை மன்றம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ஒரு விழாவோடு செலவாகியிருக்கும். வீடு கொடுத்ததால் இன்னார் பேசலாம், இன்னார் ஆடலாம் என்று கொடுத்தவர் நின்று சொல்ல வேண்டியதில்லை. கூடம் இருக்கிறது, வருகிறவர்கள் பயன்படுத்துவார்கள். பாலி, பிராகிருதம், தெலுங்கு, சமஸ்கிருதம் என்று பல மொழிகளிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த மு. கு. ஜகந்நாத ராஜா ராஜபாளையத்திலேயே இருந்து எழுதியவர். கிருஷ்ணதேவராயர் ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்த மால்யதா’ அவர் மூலமாகத்தான் ஆண்டாளின் பக்கத்து ஊரில் தமிழானது. அதே ஊரின் கொ. மா. கோதண்டம் குழந்தைகளுக்காகக் காட்டையும் விலங்கையும் எழுதி, சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றார். ஆலை ஊர் என்று மட்டும் அறியப்பட்ட இடத்தில் இப்படி எழுத்து தழைத்ததற்கு, கூடிப் பேச இடம் இருந்ததும் ஒரு காரணம்.

இதைவிட வலுவான சான்று மேலாண்மறைநாடு என்ற கிராமம். மேலாண்மை பொன்னுச்சாமி அங்கே ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சிறு கடை நடத்திப் பிழைத்தவர். கல்லூரி, நகரத்துத் தொடர்பு, சொத்து எதுவும் இல்லை. மதுரையிலிருந்து மாதந்தோறும் வந்த ‘செம்மலர்’ இதழும், 1975இல் தொடங்கிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கூட்டங்களும் இருந்தன. கதையை எழுதினால் படிக்கத் தோழர்கள் இருந்தார்கள், குறை சொன்னார்கள், அடுத்த மாதமும் கதை கேட்டார்கள். 2007இல் ‘மின்சாரப்பூ’ தொகுப்புக்காக அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. கட்சி சார்ந்த அமைப்பு எழுத்தாளனைப் பிரச்சாரகன் ஆக்கிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆக்கியதும் உண்டு, கொள்கைக்காக முடிவைத் திருகிய கதைகள் அந்த இதழ்களில் ஏராளம். ஆனாலும் பலசரக்குப் பொட்டலம் மடித்த கைக்குப் பேனாவைக் கொடுத்து, முப்பது ஆண்டு அதைக் கீழே வைக்கவிடாமல் பார்த்துக்கொண்ட வேறு அமைப்பு எது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. சந்தாவும் உண்டியல் வசூலும் கொண்டு நடந்தது அது.

சினிமாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டூரிங் டாக்கீஸ்கள் இந்தக் கரிசல் ஊர்களுக்குப் பார்வையாளரைத் தந்தன. படம் எடுப்பவரைத் தரவில்லை. படம் எடுக்கிறவர்கள் எழுத்தின் வழியாக வந்தார்கள். தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி எழுத்தாளர் பூமணி ‘கருவேலம் பூக்கள்’ படத்தை எடுத்தது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணத்தில். ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதைதான் 2008இல் ‘பூ’ என்ற படமானது. ஆகவே குறும்பட விழா நடத்த விரும்பும் ஊர் முதலில் வாசகர் வட்டம் நடத்தினால் வீண்போகாது.

கைபேசி வந்த பிறகு மேடை எதற்கு, திறமை இருந்தால் உலகமே பார்க்கும் என்பது இன்றைய மறுப்பு. கைபேசி பார்வையாளரைத் தருகிறது, அதை மறுக்கவில்லை. போன வருஷம் எப்படிப் பாடினாய் என்று நினைவில் வைத்துக் கேட்பவரை அது தருவதில்லை. அரசே இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துகிறதே என்பது இன்னொன்று. நல்ல காரியம், விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பிடித்துப் போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் சில நாளில் பந்தல் பிரித்துவிடுவார்கள். மாலை மேடை பெரும்பாலும் வெளியூர்ப் பிரபலங்களுக்கே போகிறது. வ. புதுப்பட்டியில் கதை எழுதிப் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அந்தச் சில நாள் உற்சாகம் தரும். மீதி வருஷம் அவள் கதையைக் கேட்க யாரும் வருவதில்லை.

அவளுக்கு ஆண்டு முழுவதும் ஒரு மேடை கிடைக்கப் புதிதாகச் சட்டம் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நூலகத்துக்கு வரி வாங்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. சென்னை மாகாணம் 1939இல் நாடகத்தின் மீது கேளிக்கை வரி போட்டது. 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றி, நூலகத்துக்காக மக்களிடம் வரி வாங்கியது. நாடகத்திடமிருந்து எடுத்தது, புத்தகத்துக்குக் கொடுத்தது. 1876இல் தொடங்கிய பாகுபாடு சுதந்திரத்துக்குப் பிறகும் கணக்குப் புத்தகத்தில் தங்கிவிட்டது. வ. புதுப்பட்டி பேரூராட்சியில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் இன்றும் நூலக வரியையும் சேர்த்தே கட்டுகிறார்கள். நாடகத்துக்கு வேண்டிய பணமோ இன்னும் திருவிழாக் காலத்தில், நோட்டுப் புத்தகத்தோடு தெருத் தெருவாக வரும் ஊர்ப் பெரியவர்கள் பிரிக்கும் தலைக்கட்டு வரியாகவே இருக்கிறது.