ஐந்து சென்ட் உணவும் நெடுஞ்சாலை வரலாறும்

1939ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க் என்னும் ஊரில், அமெரிக்க அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் தம் விருந்தினர்க்கு மரநிழலில் ஒரு பகல் விருந்து அளித்தார். விருந்தினர், பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜும் அரசி எலிசபெத்தும் ஆவர். அன்று மலாயாவும் சிங்கப்பூரும் அம்மன்னரின் பேரரசுக்குள் அடங்கியிருந்தன. அரியணையில் இருந்த பிரிட்டிஷ் மன்னர் ஒருவர் அமெரிக்க மண்ணில் காலடி வைத்தது அதுவே முதன்முறை. அவ்விருந்தில் பரிமாறப்பட்டவற்றுள் ஒன்று, தெருவோரத்தில் தொழிலாளர் நின்றவாறே உண்ணும் ‘ஹாட் டாக்’. மன்னருக்கு இதுவா விருந்து என்று முகம் சுளித்தோர் பலர். மன்னரோ சுவைத்து உண்டார்; மேலும் ஒன்று கேட்டார் என்று மறுநாள் செய்தித்தாள்கள் எழுதின.

குடியேறிகளின் தள்ளுவண்டியில் பிறந்த ஓர் எளிய உணவு, எழுபது ஆண்டுகளில் மன்னரின் தட்டை எவ்வாறு அடைந்தது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் நூலகத்திற்குச் செல்லலாம். சாலையில் இறங்கியும் செல்லலாம். இன்றும் அமெரிக்காவில் நெடும்பயணம் புறப்படுவோருள் ஒரு சாரார், விரைவுச்சாலையை விட்டு விலகிப் பழைய ஹாட் டாக் கடைகளை ஊர் ஊராகத் தேடிச் செல்கின்றனர். அவர்கள் செல்லும் வழியே, கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை, நாமும் இக்கட்டுரையில் சென்று வருவோம்.

முதலில் உணவைப் பற்றிச் சில சொற்கள். கொத்திய இறைச்சியுடன் மசாலைப் பொருள்களைக் கலந்து, மெல்லிய குழல் போன்ற உறையில் அடைத்து, புகையூட்டிப் பதப்படுத்துவது தொத்திறைச்சி. நீண்ட ரொட்டியைப் பிளந்து, சூடான தொத்திறைச்சியை அதனுள் வைத்து, கடுகு விழுது தடவித் தருவதே ஹாட் டாக். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரும் ஆஸ்திரியாவின் வியன்னா நகரும் இத்தொத்திறைச்சிக்குப் பெயர் தந்தவை. பெயரை நேராகத் தமிழாக்கினால் ‘சூடான நாய்’ என்று வரும். மலிவான தொத்திறைச்சியில் என்ன இறைச்சி இருக்குமோ என்ற ஐயத்தில் பிறந்த கேலிச் சொல் அது. செய்தித்தாள் கேலிச்சித்திரக்காரர் ஒருவர் அப்பெயரைப் படைத்தார் என்று நெடுங்காலம் கூறி வந்தனர். ஆயினும் அக்கதைக்கு முன்பே, 1890களில், கல்லூரி மாணவர்களிடையே அச்சொல் வழங்கியதைச் சொல்லாய்வாளர் கண்டறிந்துள்ளனர். கேலியாக வந்த பெயரையே கடைப்பலகையில் எழுதி வைத்து வாழ்ந்து காட்டியது இவ்வணிகத்தின் சிறப்பு.

நம் பயணம் நியூயார்க் நகரின் கோனி தீவில் தொடங்குகிறது. தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறை நாளில் கடற்காற்று வாங்கச் செல்லும் கடற்கரை அது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய சார்லஸ் ஃபெல்ட்மன், 1867ஆம் ஆண்டளவில் தள்ளுவண்டியில் அடுப்பு அமைத்து, ரொட்டிக்குள் தொத்திறைச்சி வைத்து அங்கே விற்கத் தொடங்கினார் என்பர். தட்டும் கரண்டியும் வேண்டா. உட்கார இடமும் வேண்டா. மணலில் நடந்துகொண்டே உண்ணலாம். வண்டி வளர்ந்து மாபெரும் உணவு விடுதியாயிற்று.

அவ்விடுதியில் வேலைக்குச் சேர்ந்தார் ஓர் இளைஞர். இன்று போலந்தில் உள்ள ஒரு சிற்றூரில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்து, 1912ஆம் ஆண்டில் அமெரிக்கா வந்த நேதன் ஹேண்ட்வெர்க்கர் அவர். கூலியில் மிச்சம் பிடித்துச் சேர்த்த 300 டாலருடன், 1916ஆம் ஆண்டில், அதே கடற்கரையில் தாமே ஒரு சிறு கடை தொடங்கினார். முதலாளியின் விடுதியில் ஹாட் டாக் 10 சென்ட். தொழிலாளி தொடங்கிய கடையிலோ 5 சென்ட். விலை குறைந்ததும் மக்களுக்கு ஐயம் பிறந்தது. சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் சீர்கேட்டை அப்டன் சிங்க்ளேர் தம் ‘தி ஜங்கிள்’ என்னும் புதினத்தில் எழுதி நாட்டையே அதிரச் செய்ததும், அதே 1906ஆம் ஆண்டில் இறைச்சிச் சோதனைச் சட்டம் நிறைவேறியதும் மக்கள் நினைவில் இருந்த காலம் அது. ஆகவே, வெள்ளை அங்கி அணிந்த சிலரைக் கடைமுன் நின்று உண்ணச் செய்து, மருத்துவரே உண்ணும் உணவு என்று ஊரை நம்ப வைத்தார் நேதன் என ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1920ஆம் ஆண்டளவில் நகரத்து இரயில் கடற்கரை வரை வந்தபின் கூட்டம் பெருகிற்று. ஃபெல்ட்மனின் பெருவிடுதி 1954ஆம் ஆண்டில் மறைந்தது. ஐந்து சென்ட் கடையோ இன்றும் அதே தெருமுனையில் நிற்கிறது.

அடுத்து டெட்ராய்ட் நகரம். கடல் அங்கிருந்து நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் உள்ளது. ஆயினும் அந்நகரில் ஹாட் டாக் விற்கும் கடைகளுக்கெல்லாம் ‘கோனி தீவு’ என்றே பெயர்! இதற்குக் காரணமானவர்கள் கிரேக்க நாட்டிலிருந்து வந்த குடியேறிகள். நியூயார்க்கில் கேள்வியுற்ற பெயரை உள்நாட்டுக்கு எடுத்துச் சென்று, தொத்திறைச்சியின் மீது காரமான இறைச்சிக் குழம்பும் கடுகு விழுதும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்துப் புதுச்சுவை படைத்தனர். கஸ்ட் கெரோஸ் என்ற கிரேக்கர் 1917ஆம் ஆண்டில் தொடங்கியதாகக் கூறப்படும் கடையும், அவருடைய உடன்பிறந்தார் நடத்திய கடையும், நகரின் நடுவே சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. எது சுவையானது என்று மூன்று தலைமுறைகளாக ஊரார் வாதிட்டு வருகின்றனர்.

டெட்ராய்ட்டில் இவ்வணிகம் செழித்தது தற்செயலன்று. 1914ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு தம் தொழிலாளர்க்கு நாள் ஒன்றுக்கு 5 டாலர் என்று ஊதியத்தை உயர்த்தினார். வேலை தேடி மக்கள் திரண்டனர். முறைவேலை பார்ப்பவர்க்கு விரைவாகவும் மலிவாகவும் உணவு வேண்டும். அதை இக்கடைகள் தந்தன. அத்தொழிலாளர் செய்த பொருளோ மோட்டார் வண்டி. 1908 முதல் 1927 வரை ஃபோர்டின் ‘டி’ வகை வண்டிகள் மட்டும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி செய்யப்பட்டன. அவ்வண்டிகளே ஹாட் டாக்கை நகரத் தெருவிலிருந்து நாட்டுச் சாலைக்குக் கொண்டு சென்றன.

மூன்றாவதாகச் சிகாகோவை அடைகிறோம். 1893ஆம் ஆண்டில் அங்கு நடைபெற்ற உலகக் கண்காட்சியில், ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து வந்த இருவர் விற்ற தொத்திறைச்சி பெரும் பெயர் பெற்றது. 1929ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதார மந்தம் நாட்டை வாட்டியபோது, தள்ளுவண்டிக்காரர்கள் அதே ஐந்து சென்ட்டுக்கு, தொத்திறைச்சியின் மீது தக்காளி, வெங்காயம், ஊறவைத்த வெள்ளரி, பச்சை மிளகாய் எனக் காய்களை அடுக்கித் தந்தனர். பசித்தவனுக்கு அது ஒருவேளை முழு உணவு. அவ்வடுக்கு முறை இன்று சிகாகோவின் அடையாளம். அதன்மேல் தக்காளிச் சாறு ஊற்றக் கேட்போரை அந்நகரத்தார் ஏளனமாக நோக்குவர்.

அந்நகரின் வடமேற்கு எல்லையில் 1948ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சூப்பர்டாக்’ என்னும் கடை ஆசிரியர்களின் கவனத்திற்கு உரியது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிக் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தார் மோரி பெர்மன். அவர் மனைவி ஃப்ளோரி பள்ளி ஆசிரியை. கோடை விடுமுறையில் மட்டும் நடத்திப் படிப்புச் செலவை ஈடுகட்டலாம் என்று இருவரும் கடையைத் திறந்தனர். கணவனும் மனைவியுமாக இரு ஹாட் டாக் உருவங்களை ஏறத்தாழ 12 அடி உயரத்தில் கூரையின்மேல் நிறுத்தி, அவற்றிற்குத் தங்கள் பெயர்களையே சூட்டினர். சாலையில் விரைந்து வருபவன் தொலைவிலேயே கண்டு வண்டியை நிறுத்த வேண்டும் அல்லவா? விடுமுறைக் கடை அவர்களுடைய வாழ்நாள் தொழிலாயிற்று.

சிகாகோவிலிருந்து தென்மேற்கே திரும்பினால் ‘66ஆம் எண் சாலை’. 1926ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இச்சாலை, கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரை வரை 2,400 மைலுக்கு மேல் நீண்டது. அதன் வழியில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ‘கோசி டாக்’ என்னும் கடையைக் காணலாம். போர்க்காலத்தில் டெக்சாஸ் விமானத் தளத்தில் பணிபுரிந்த எட் வால்ட்மயர், தொத்திறைச்சியைக் குச்சியில் செருகி, சோளமாவில் தோய்த்துப் பொரித்துப் படைவீரர்க்கு விற்றார். 1946ஆம் ஆண்டில் அதைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்தார். பின்னர் 66ஆம் எண் சாலையோரத்தில் கடை அமைத்தார். அவருடைய மகன் பாப் வால்ட்மயர் ஓவியர். அச்சாலையின் ஒவ்வொரு வளைவையும், பாலத்தையும், பழைய கடையையும் வரைபடங்களாகவும் அஞ்சலட்டைகளாகவும் தீட்டியே 2009ஆம் ஆண்டில் மறையும்வரை வாழ்ந்தார். ஹாட் டாக் விற்றவர் மகனாகிய அவர் இறைச்சி உண்ணாதவர் என்பது சுவையான செய்தி. நம்முள்ளும் இவ்வுணவைத் தொடாதவர் பலர் உண்டு. ஒரு கடையின் வரலாற்றை நேசிக்க அதன் உணவை உண்டாக வேண்டும் என்பதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

இங்கே ஓர் உண்மையை மறைத்துவிடலாகாது. பழைய சாலையோரக் கடைகளை நினைத்து இன்று மகிழ்வோர், அந்நாளில் அச்சாலை எல்லார்க்கும் ஒன்றுபோல் இருந்ததில்லை என்பதை மறந்துவிடுகின்றனர். கருப்பின மக்கள் பயணம் போனால், எந்தக் கடையில் உணவு தருவர், எந்த ஊரில் இரவு தங்க இடம் கிடைக்கும் என்று முன்னதாகவே அறிந்து புறப்பட வேண்டியிருந்தது. அதற்கென்றே நியூயார்க்கின் ஹார்லம் பகுதியைச் சேர்ந்த அஞ்சல் ஊழியர் விக்டர் கிரீன் 1936ஆம் ஆண்டு முதல் ஒரு கையேடு வெளியிட்டார். வீட்டிலேயே சமைத்த உணவைக் கட்டி எடுத்துச் சென்ற குடும்பங்கள் எத்தனையோ. 1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், கருப்பின மாணவர் நால்வர் வெள்ளையர்க்கு மட்டும் என்றிருந்த உணவு மேடையில் அமர்ந்து எழ மறுத்தனர். உணவுக்கடைகளில் நிறவேறுபாடு காட்டுவதைச் சட்டம் தடுத்தது 1964ஆம் ஆண்டில்தான். ஐந்து சென்ட் கையில் இருந்தும் பசியோடு கடந்து சென்றவர்களையும் சேர்த்துக்கொண்டால்தான் இச்சாலையின் வரலாறு முழுமை பெறும்.

சாலை கொடுத்த வாழ்வைச் சாலையே பறித்தது. 1956ஆம் ஆண்டில் அதிபர் ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டத்தால், மாநிலங்களை இணைக்கும் விரைவுச்சாலைகள் எழுந்தன. அவை ஊர்களுக்குள் நுழையாமல் விலகிச் சென்றன. ஊருக்குள் வராத பயணி கடைக்கு எப்படி வருவான்? 1985ஆம் ஆண்டில் 66ஆம் எண் சாலை அரசுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. விரைவுச்சாலையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே பெயர்ப்பலகையும் ஒரே சுவையும் கொண்ட பெருநிறுவனக் கடைகள் எழுந்தன. 1994ஆம் ஆண்டில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின், நம் பழைய சாலையோரச் சிற்றூர்களில் வண்டிகள் குறைந்ததைக் கண்டவர்களுக்கு இந்நிலையை விளக்க வேண்டுவதில்லை.

பயணத்தின் முடிவில் லாஸ் ஏஞ்சல்ஸ். 1939ஆம் ஆண்டில், மன்னர் ஹாட் டாக் உண்ட அதே ஆண்டில், பால் பிங்க், பெட்டி பிங்க் என்னும் கணவன் மனைவியர் அங்கே ஒரு தள்ளுவண்டி வாங்கினர். பெட்டியின் தாயாரிடம் கடன் பெற்ற 50 டாலரே முதல். 1946ஆம் ஆண்டில் வண்டி நின்ற இடத்திலேயே கட்டடம் எழுந்தது. அதே ஆண்டில் அந்நகரின் வேறொரு தெருவில், கட்டடமே ஹாட் டாக் வடிவில் அமைந்த ‘டெயில் ஓ த பப்’ என்னும் கடை பிறந்தது. பிற்காலத்தில் அது இடம் பெயர்ந்தது. 2005ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2022ஆம் ஆண்டில், அவ்விநோதக் கட்டடம் செப்பனிடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. கிழக்கே நியூயார்க் மாநிலத்து மமரோனெக் ஊரில், 1928ஆம் ஆண்டில் சீனக் கோபுர வடிவில் கட்டப்பட்ட ஹாட் டாக் கடையொன்று, 2010ஆம் ஆண்டில் நாட்டின் வரலாற்று இடங்களின் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டது. கோட்டையும் மாளிகையும் பெறும் மதிப்பை ஓர் ஒட்டுக்கடையும் பெற்றுவிட்டது!

அது தகுந்த மதிப்பே என்பது என் கருத்து. ஜெர்மானியர், யூதர், கிரேக்கர், ஆஸ்திரியர் எனப் புதிய மண்ணுக்கு வந்தவர்கள், அந்நாட்டு மொழி நாவில் முழுமையாகப் படியுமுன்னே, உழைப்பை முதலாக வைத்து நடத்திய வணிகம் இது. அவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. சிலைகளும் அவர்களுக்கு இல்லை. அவர்கள் எழுதிவைத்த வரலாறு அக்கடைகளே. ஒரு கடை இடிபடும்போது, வேறெங்கும் படியில்லாத ஓர் ஏடு கிழிகிறது. பழைய சாலையில் வண்டியை நிறுத்தி அங்கே உண்பவன், தானறியாமலே அவ்வேட்டின் ஆயுளை ஒரு நாள் நீட்டிக்கிறான்.

ஆசிரியப் பெருமக்கள் மாணவரை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. தங்கள் ஊரின் மிகப் பழைய உணவுக்கடைக்கு ஒரு நாள் அழைத்துச் சென்றால் போதும். இதைத் தொடங்கியவர் எங்கிருந்து வந்தார், கையில் எவ்வளவு பணம் இருந்தது, முதல் நாள் விலை என்ன, எந்தச் சாலை வாழ்வளித்தது, எந்தச் சாலை அதைக் குறைத்தது, இங்கே உட்கார இடம் கிடைக்காதவர் யார் என்று மாணவர் கேட்கட்டும். விடை சொல்லக்கூடிய முதியவர் கல்லாப்பெட்டி அருகில் அமர்ந்திருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.