பிஞ்சு விரல்களும் டைப்ரைட்டரும்

1929-ல் அமெரிக்காவின் சில தொடக்கப் பள்ளிகளில், அதுவரை ஆபீஸ்களிலும் கோர்ட்டுகளிலும் கேட்டுப் பழகிய ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. சின்னஞ்சிறு பிள்ளைகளின் வகுப்பறைக்குள், கையில் தூக்கிச் செல்லக்கூடிய டைப்ரைட்டர்கள் வந்து இறங்கியிருந்தன. டைப்ரைட்டிங் என்று தனிப் பாடம் வைப்பது நோக்கமல்ல. கட்டுரையோ பூகோளமோ, எதை எழுதுவதானாலும் பென்சிலைப் போலவே டைப்ரைட்டரையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. பல ஊர்களில், பல ஆயிரம் பிள்ளைகளை வைத்து இரண்டு ஆண்டுகள் நடந்த சோதனை அது. எழுத்தே இன்னும் கைக்கு வசப்படாத வயதில் டைப்ரைட்டரைக் கொடுத்தால் குழந்தையின் படிப்பு தேறுமா, கெடுமா என்று பார்த்துவிட நினைத்தார்கள்.

சோதனையை நடத்தியவர்கள் இருவர். ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பென் வுட்; மாணவரின் அறிவைத் தேர்வு வைத்து அளந்துவிடலாம் என்பதில் அசையாத நம்பிக்கை கொண்டவர். இன்னொருவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஃபிராங்க் ஃப்ரீமன். கையெழுத்தை எப்படிக் கற்பிப்பது என்று 1914-லேயே நூல் எழுதியவர். கையெழுத்தில் கரைகண்டவரே டைப்ரைட்டரை எடைபோட வந்தார். இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலையும் இதுவல்ல. வகுப்பில் திரைப்படம் காட்டினால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்களா என்று சற்று முன்புதான் ஆராய்ந்து முடித்திருந்தார்கள். அதற்குப் பணம் கொடுத்தது படச்சுருள் விற்ற ஈஸ்ட்மன் கோடாக். இதற்குப் பணம் கொடுத்தவை டைப்ரைட்டர் விற்ற நிறுவனங்கள்.

அந்த நிறுவனங்களுக்குக் குழந்தைகள்மீது திடீரென்று ஏன் அக்கறை பிறந்தது என்று புரிய, அறுபது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

கிறிஸ்டோஃபர் ஷோல்ஸும் கூட்டாளிகளும் 1868-ல் காப்புரிமை வாங்கிய இயந்திரத்தை, துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் நிறுவனம் 1874-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. எழுத்து உருளையின் அடிப்பக்கத்தில் விழுந்ததால், அடித்தது சரிதானா என்பது அடிப்பவர் கண்ணுக்கு உடனே தெரியாது. எந்த விரலால் எந்த விசையைத் தட்டுவது என்பதற்கும் முறை கிடையாது, அவரவர் வசதிதான். 1880-களின் தொடக்கத்தில் சின்சினாட்டி நகரில் எலிசபெத் லாங்லி என்ற ஆசிரியை, எல்லா விரல்களையும் பயன்படுத்தி அடிக்கச் சொல்லிக்கொடுத்தார். அதை வேண்டாத வேலை என்று ஒதுக்கியவர்கள் நிறையப் பேர். 1888 ஜூலை 25 அன்று அதே சின்சினாட்டியில் நடந்த போட்டி அவர்கள் வாயை அடைத்தது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து வந்த கோர்ட் சுருக்கெழுத்தர் ஃபிராங்க் மெக்கரின், விசைகளைப் பார்க்காமலே அடித்து வென்றார்.

அதன் பிறகு டைப்ரைட்டிங் ஒரு பிழைப்பு வித்தையானது. வணிகப் பள்ளிகள் கற்றுக்கொடுத்தன. பின்னால் உயர்நிலைப் பள்ளிகளும் சேர்ந்துகொண்டன. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு தெருமுனை இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து, ‘லோயர்’ பாஸ் செய்து, ‘ஹையர்’ எழுதி, அரசு வேலைக்கு விண்ணப்பம் போட்ட தலைமுறைகள் எத்தனையோ. வேலைக்குப் போகும் வயது வந்தால்தான் டைப்ரைட்டர் என்பது உலகம் முழுக்க எழுதாத சட்டமாக இருந்தது.

இதை உடைத்தது கையடக்க டைப்ரைட்டர். ஆபீஸ் மெஷினில் இருப்பதைப் போலவே நான்கு வரிசை விசைகள் கொண்ட சிறிய டைப்ரைட்டரை 1920-ல் ரெமிங்டன் கொண்டுவந்தது. போட்டி நிறுவனங்களும் களத்தில் இறங்கின. பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும் இந்த இயந்திரத்துக்கு ஆபீஸைத் தாண்டியும் ஆள் வேண்டும். பத்திரிகைக்காரர்களும் கல்லூரி மாணவர்களும் ஏற்கெனவே வாங்கினார்கள். தொடக்கப் பள்ளியோ இன்னும் யாரும் தொடாத சந்தை.

வுட்டும் ஃப்ரீமனும் தங்கள் முடிவுகளை 1932-ல் நூலாக வெளியிட்டார்கள். டைப்ரைட்டர் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாக எழுதினார்கள். கையெழுத்து கெட்டுப்போகும் என்ற பயம் மெய்யாகவில்லை. பாடத் தேர்வுகள் சிலவற்றில் இவர்கள் கை சற்று ஓங்கியிருந்தது. ஆசிரியர்களுக்கும் இது பிடித்திருந்தது. காசு கொடுத்தவர்கள் கேட்க விரும்பிய பதில்தான்; என்றாலும் இத்தனை பெரிய அளவில் இதை ஆராய்ந்தவர்கள் அதற்கு முன் இல்லை.

புத்தகம் வந்த வேளைதான் சரியில்லை. 1932-ல் அமெரிக்கா பெருமந்தத்தின் அடியாழத்தில் கிடந்தது. ஆசிரியர் சம்பளத்துக்கே திண்டாடிய ஊர்களில், ஒன்றாம் வகுப்புக்கு டைப்ரைட்டர் வாங்கச் சொன்னால் யார் காதில் விழும்? சோதனை நூலகத்துக்குப் போனது. பிள்ளைகள் பென்சிலுக்குத் திரும்பினார்கள்.

அடுத்த பெரிய முயற்சி வேறொரு திசையிலிருந்து வந்தது. யேல் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் உமர் கய்யாம் மூருக்கு டைப்ரைட்டிங்மேல் தனி ஆசை எதுவும் இல்லை. குழந்தை தானாகவே வாசிக்கக் கற்குமா என்பதே அவர் கேள்வி. 1960-களின் தொடக்கத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹாம்டன் ஹால் என்ற தனியார் பள்ளியில் அவர் அமைத்த கூடத்தில், பள்ளி வயதுகூட வராத குழந்தைகள் மின்சார டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். உள்ளே போகுமுன் குழந்தையின் விரல் நகங்களுக்கு வண்ணம் பூசப்படும். விசைகளுக்கும் அதே வண்ணங்கள். சிவப்பு நகம் சிவப்பு விசைக்கு என்று வைத்துக்கொண்டால், எந்த விரலுக்கு எந்த விசை என்பதை யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

முதல் கட்டத்தில் குழந்தை தன் மனம்போனபடி எதையாவது தட்டும். தட்டிய எழுத்தின் பெயர் காதில் விழும். இந்த விளையாட்டு சலிக்கத் தொடங்கும்போது விதி மாறும். ஓர் எழுத்து கண்முன் தோன்றும். மற்ற எல்லா விசைகளும் பூட்டிக்கொள்ள, சரியான ஒன்று மட்டுமே இறங்கும். பிறகு எழுத்துகள் சேர்ந்து சொல்லாகும். பிடிக்கவில்லை என்றால் குழந்தை எழுந்து போய்விடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைப்பதும் கிடையாது. பக்கத்தில் இருக்கும் ஆள் பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார்.

அந்த ஆளின் வேலையையும் இயந்திரமே செய்தால் என்ன என்று, தாமஸ் எடிசன் ஆய்வுக்கூடத்தின் பொறியாளர் ரிச்சர்ட் கோப்லருடன் சேர்ந்து மூர் ஒரு கருவியை உருவாக்கினார். பத்திரிகைகள் அதற்கு ‘பேசும் டைப்ரைட்டர்’ என்று பெயர் வைத்தன. ஒன்றின் விலையே பல்லாயிரம் டாலர். ஒரு நேரத்தில் ஒரு குழந்தைதான் உட்கார முடியும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் பள்ளி எத்தனை வாங்கும்? கருவி பரவவில்லை.

ஆனால் மூரின் விதை ஓரிடத்தில் ஊன்றியிருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஃப்ரீபோர்ட் ஊரில் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் ஹென்றி மார்ட்டின், 1960-களில் பேசும் டைப்ரைட்டரைத் தன் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு, ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்காக அவர் வகுத்த ‘எழுதி வாசித்தல்’ திட்டத்தை ஐபிஎம் நிறுவனம் கையில் எடுத்தது. காதில் கேட்ட ஒலியை அப்படியே எழுத்துக்கூட்டி அடித்தால் போதும், எழுத்துப்பிழை பிறகு தானே சரியாகும் என்பது திட்டத்தின் அடிப்படை. பிள்ளைகள் கணினி முன்னால் சொற்களின் ஒலிகளைப் பழகுவார்கள். பிறகு இன்னொரு மேசைக்குப் போய், ஆபீஸ்களில் இருந்த அதே ஐபிஎம் மின்சார டைப்ரைட்டரில் சொந்தக் கதையை அடிப்பார்கள். 1982 முதல் 1984 வரை கள ஆய்வு நடந்தது. இந்தத் திட்டத்தில் இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாக எழுதினார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்பின் வாசிப்பில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஐபிஎம் திட்டத்தை நாடெங்கும் விற்றது.

அதே காலத்தில் ஆப்பிள் நிறுவனம் வேறு வழியில் உள்ளே வந்தது. வரிச்சலுகை பெற்றுக்கொண்டு கலிஃபோர்னியாவின் பள்ளிகளுக்குப் பள்ளிக்கு ஒரு கணினி இலவசமாகக் கொடுத்தது. சுமார் 9,000 பள்ளிகளுக்கு இப்படிக் கணினி போய்ச் சேர்ந்தது. கணினி வந்ததும் டைப்ரைட்டிங் ஆசிரியர்களுக்குக் கவலை வந்தது. எட்டு வயதில் இரண்டு ஆள்காட்டி விரல்களால் தேடித் தேடித் தட்டிப் பழகிய பிள்ளையை, பதினைந்து வயதில் திருத்துவது எப்படி? முதலிலேயே முறையாகக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்றார்கள் அவர்கள். குழந்தையின் கையைப் பார்த்தவர்கள் தயங்கினார்கள். வழக்கமான கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு சுமார் 19 மில்லிமீட்டர். பெரியவர் கைக்கு அமைந்த அளவு. ஏழு வயதுச் சுண்டுவிரல் ஓரத்து விசையை எட்டப் போனால், மற்ற விரல்கள் நடுவரிசையை விட்டு நகர்ந்துவிடும். மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ தொடங்கலாம் என்பது பெரும்பாலோர் வந்து நின்ற இடம்.

1987-ல் ‘மேவிஸ் பீக்கன்’ மென்பொருள் வந்தது. பெட்டியின் அட்டையில் சிரித்த ஆசிரியை கற்பனைப் பாத்திரம். படத்தில் இருந்தவர் ஹெய்ட்டியில் பிறந்த ஒரு மாடல். உண்மையிலேயே இப்படி ஓர் ஆசிரியை இருக்கிறார் என்று நம்பியவர்கள் ஏராளம். வகுப்பறைகளில் இன்னும் எளிய உபாயங்களும் நடந்தன. பிள்ளைகள் கைகளைப் பார்க்காமலிருக்கக் கீபோர்டுக்கு மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்ப்பது அதில் ஒன்று.

ஆளுக்கொரு கணினி கட்டுப்படியாகாத பள்ளிகளுக்கு 1993-ல் ஒரு கருவி கிடைத்தது. ஆப்பிளில் வேலை பார்த்த பொறியாளர்கள் உருவாக்கிய ஆல்ஃபாஸ்மார்ட்டில் முழு அளவுக் கீபோர்டும், நாலு வரி காட்டும் சிறு திரையும் மட்டுமே. சாதாரண பேட்டரியில் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும். கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. எழுதி முடித்த பிள்ளை அதைக் கம்பியால் கணினியோடு இணைத்து ஒரு விசையைத் தட்டினால், கருவி தன்னை ஒரு கீபோர்டாகவே காட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கணினிக்கு அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத யாரோ உட்கார்ந்து டைப் அடிப்பதைப் போல, முழுக் கட்டுரையும் பிள்ளையின் கண்முன் திரையில் ஓடிவரும். விலை மலிந்த மடிக்கணினிகள் வந்த பிறகு, 2013-ல் இதன் தயாரிப்பு நின்றது.

அதுவரை டைப்ரைட்டிங் கற்பிப்பதும் விடுவதும் பள்ளியின் விருப்பம். 2010-ல் வந்த, பல அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட ‘காமன் கோர்’ பாடத்தரம் அதை மாற்றியது. ஆசிரியர் துணையோடு நான்காம் வகுப்புப் பிள்ளை ஒரே அமர்வில் ஒரு பக்கமாவது டைப் அடிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் இரண்டு பக்கம், ஆறாம் வகுப்பில் மூன்று. இதன் அடியொற்றி வந்த தேர்வுகள் 2015 வசந்தத்தில் பல மாநிலங்களில் கணினிக்கு மாறின. மூன்றாம் வகுப்பிலிருந்தே தேர்வு. கட்டுரை மனதில் இருந்தும் விரல் எட்டாததால் மதிப்பெண் போய்விடக்கூடாதே என்று பள்ளிகள் அவசர அவசரமாக டைப்ரைட்டிங் பயிற்சியில் இறங்கின.

இந்த இடத்தில் பென் வுட்டின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு டைப்ரைட்டர் கொடுத்த அதே காலத்தில், விடைத்தாளைத் திருத்தவும் இயந்திரம் தேடிக்கொண்டிருந்தவர் அவர். ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனை அணுகி, கொலம்பியாவுக்குக் கணக்கிடும் இயந்திரங்களை வாங்கித் தந்தவரும் அவரே. 1930-களில் ஐபிஎம் வெளியிட்ட விடைத்தாள் திருத்தும் இயந்திரத்தின் பின்னாலும் அவர் ஆலோசனை இருந்தது. பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதை வைத்து, எந்தக் கட்டத்தில் பிள்ளை கோடு போட்டது என்று அது கண்டுபிடித்துவிடும். வுட் காலத்தில் தனித்தனியாக நின்ற இரண்டு முயற்சிகளும், டைப் அடிக்கும் குழந்தையும் இயந்திரத்தில் நடக்கும் தேர்வும், 2015-ல் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. அன்று விற்பனையாளரின் விருப்பமாக இருந்தது இப்போது அரசின் கட்டாயமானது.

இதன் விளைவு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இல்லை. தேசிய அளவில் நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு 2012-ல் கணினியில் ஓர் எழுத்துத் தேர்வு முன்னோட்டமாக நடந்தது. நன்றாக எழுதும் பிள்ளைகள் தாளைவிடக் கணினியில் இன்னும் நன்றாக எழுதினார்கள். பின்தங்கிய பிள்ளைகளுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த இடைவெளியைக் கணினி அகலப்படுத்தியிருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வர்ஜீனியா பெர்னிங்கர் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வு, 2, 4, 6-ஆம் வகுப்புப் பிள்ளைகளை ஒப்பிட்டது. அகரவரிசையை அடிப்பதில் கீபோர்டு முந்தியது. கட்டுரை என்று வந்தபோது பிள்ளைகள் பேனாவால்தான் அதிகமாகவும் வேகமாகவும் எழுதினார்கள். வுட்டும் ஃப்ரீமனும் கண்ட பழைய முடிவுக்கு இது நேர் எதிர் அல்ல. அவர்கள் சோதித்த பிள்ளைகளுக்கு டைப்ரைட்டர் கூடுதலாகக் கிடைத்த வசதி. தேர்வு எழுதும் பிள்ளைக்குக் கீபோர்டை விட்டால் வேறு வழியில்லை.

கையெழுத்தா டைப்ரைட்டிங்கா என்பதில் அரசுகளும் ஒத்துப்போகவில்லை. பின்லாந்து 2016-ல், எழுத்துகளைச் சேர்த்து எழுதும் கர்சிவ் முறையைக் கட்டாயப் பாடத்திலிருந்து விலக்கி, அந்த நேரத்தை டைப்ரைட்டிங்குக்குக் கொடுத்தது. தனித்தனி எழுத்தாக எழுதுவது மட்டும் தொடர்ந்தது. கலிஃபோர்னியா எதிர்ப்பக்கம் நடந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து சட்டமன்றத்துக்கு வந்த ஷரன் குவர்க்-சில்வா கொண்டுவந்த சட்டம், 1 முதல் 6-ஆம் வகுப்பு வரையிலான கையெழுத்துப் பாடத்தில் கர்சிவையும் சேர்த்து, 2024 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பக்கம் டைப் அடிக்கச் சொல்லும் பாடத்தரம் நீக்கப்படவில்லை. ஆக அந்த மாநிலத்தின் நான்காம் வகுப்பு ஆசிரியர் இப்போது கால அட்டவணையில் இரண்டுக்கும் இடம் கண்டுபிடித்தாக வேண்டும்.