இரத்த நாளத்தை அடைத்தால் கதிர்வீச்சு தோற்குமா?

மாணவர்களே, 'புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரப்படும்' என்று தேர்வில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய முரண்பாட்டின் வரலாறு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்களேன்.

1953-இல் இங்கிலாந்தில் எல். எச். கிரேயும் அவர் குழுவினரும் உயிர்வளியின் பங்கை எடுத்துக்காட்டினர். உயிர்வளி இல்லாத உயிரணுவைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவை. (கதிர்வீச்சை அளக்கும் 'கிரே' அலகு இவர் பெயர்தான்.) உயிர்வளியைக் கட்டிக்குக் கொண்டுபோவது எது? இரத்தம்தானே!

1971-இல் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் வேறொன்று சொன்னார். புதிய இரத்த நாளங்கள் முளைக்காமல் தடுத்தால், கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளராது. பல ஆண்டுகள் பலர் இதை நம்பவில்லை. 2004-இல்தான் பெவாசிஸுமாப் என்ற தடுப்பு மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, இப்போ ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தா என்ன ஆகும்? நாளத்தை அடைத்தால் உயிர்வளி குறையும். உயிர்வளி குறைந்தால் கதிர்வீச்சு தோற்கும். அப்படித்தானே நமக்குத் தோன்றுகிறது?

2001-இல் ராகேஷ் ஜெயின் இதற்கு ஒரு விடை தந்தார். வேதிப் பொறியியல் படித்தவர் என்பதால் அவர் கட்டியைக் குழாய் அமைப்பாகவே பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டியின் நாளங்கள் கோணல்மாணலானவை, ஒழுகுபவை. ஓட்டைக் குழாயில் தண்ணீர் விட்டால் செடிக்கா போய்ச் சேரும்? மருந்து முதலில் வேண்டாத நாளங்களைக் களைந்து, மிச்சத்தைச் சீராக்கும். சில நாள்களுக்கு உயிர்வளி கூடும். கதிர்வீச்சு தர வேண்டிய நேரம் அதுதான். எலிகளின் மூளைக் கட்டியில் 2004-இல் இது பலித்தது.

மனிதரிடம்? கொடிய மூளைப் புற்றுநோய் கண்ட 1,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த இரண்டு சோதனைகளின் முடிவு 2014-இல் வெளிவந்தது. ஒன்றில், நோய் மீண்டும் வளரும்வரை கிடைத்த காலம் 6.2 மாதத்திலிருந்து 10.6 மாதமானது. ஆனால் இரண்டிலுமே ஆயுள் கூடவில்லை. நோயாளியின் வாழ்க்கைத்தரம் காக்கப்பட்டது என்றது ஒரு சோதனை. மோசமானது என்றது மற்றது. இரண்டிலும் கதிர்வீச்சுக் காலத்தில் மருந்து பெற்ற எல்லாருக்கும் அது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்ற ஒரே கணக்கில்தான் போனது. அந்தச் சில நாள்கள் யாருக்கு எப்போது வரும் என்று தனித்தனியே அளந்து கொடுக்கவில்லை.