ரயிலேற்றிய வதந்தி

1991 டிசம்பரில் இந்த ஊரில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த மாதத்தைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியான மறுநாள், 12ஆம் தேதி, பெங்களூரில் கலவரம் வெடித்தது. அடியும் தீவைப்பும் நிஜம். பல்லாயிரம் பேர் ஓசூர்ப் பக்கம் ஓடியதும் நிஜம். அதோடு கூடவே கிளம்பிய கதைகள் எத்தனை! "அந்தத் தெருவுல எல்லாரையும் வெட்டிட்டாங்களாம்" என்று பால்காரர் சொன்னதைக் கேட்டு என் பெரியம்மா மூட்டை கட்டினார். அந்தத் தெருவில் ஒன்றுமே நடக்கவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. போன் இருந்த வீடுகளே குறைவு, யாரைக் கேட்பது?

இருபது வருஷம் கழித்து, எல்லார் கையிலும் போன் இருந்தபோது, இதே ஊரில் அதே கதை வேறு மக்களுக்கு நடந்தது. 2012 ஜூலையில் அசாமின் கோக்ராஜார் பகுதியில் போடோக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பெரும் கலவரம். அதன் பெயரில் மற்ற இடங்களின் படங்களும் ஒட்டுப்போட்ட படங்களும் சுற்றின. ஆகஸ்டில், ரம்ஜானுக்குள் ஊரைக் காலி செய்யாவிட்டால் வடகிழக்கு ஆட்கள் தாக்கப்படுவார்கள் என்று குறுஞ்செய்திகள் பறந்தன. ஈஜிபுரா, நீலசந்திரா பக்கம் குடியிருந்த காவலாளிகள், ஓட்டல் பணியாளர்கள், மாணவர்கள் ஆகஸ்ட் 15ஆம் தேதி முதல் சிட்டி ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். சில நாட்களில் சுமார் முப்பதாயிரம் பேர் போய்விட்டதாக அப்போதைய செய்திகள் கூறின.

அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அசாமில் செத்தவர்கள் பொய்யில்லை. டி.வி.யில் ரயில் நிலையக் கூட்டத்தைப் பார்த்த பெற்றோர், "உடனே கிளம்பி வா" என்று போன் செய்தார்கள். பிள்ளைகள் கிளம்பினார்கள், கூட்டம் இன்னும் பெருகியது, அதையும் டி.வி. காட்டியது. நெரிசலுக்காக ரயில்வே குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால், "கவர்மெண்டே வண்டி விடுதே, விஷயம் இல்லாமலா?" என்றுதானே சாதாரண ஆள் நினைப்பான்? மாநில உள்துறை அமைச்சர் ஆர். அசோக் நிலையத்துக்கே வந்து பேசினார். முஸ்லிம் பெரியவர்களும் பயப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பலருடைய கையில் அதற்குள் டிக்கெட் இருந்தது.

ஆகஸ்ட் 17ஆம் தேதி மத்திய அரசு, நாடு முழுக்க ஒருவர் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது என்று பதினைந்து நாளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. பொய்யின் வேகம் குறைந்திருக்கலாம். மறுப்பின் வேகமும் சேர்ந்து குறைந்தது என்பது என் எண்ணம்.

2023 மார்ச்சில் சக்கரம் நம் பக்கம் திரும்பியது. திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று ஜோத்பூரில் நடந்த கொலை, இன்னொன்று ஹைதராபாத்தில் எடுத்தது. தமிழ்நாட்டு டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோவிலேயே மறுத்தார், போலீசார் இந்தியிலும் விளக்கம் சொன்னார்கள், பீகார் அரசு நால்வர் குழுவை அனுப்பி நேரில் பார்த்தது. தொழிலாளி நம்பக்கூடிய மொழியில், தன் சொந்த ஊர் ஆட்கள் வந்து சொன்ன சேதி அது. 2012இல் குவாஹாட்டி ரயிலில் ஏறிய பையன்களுக்கு அது கிடைத்ததா என்று யோசிக்கிறேன்.

அவர்களில் பலர் சில வாரங்களில் திரும்பிவிட்டார்கள். எங்கள் அடுக்ககத்துக் காவலாளியும் வந்தார். "எதுக்குப்பா ஓடினே?" என்று கேட்டேன். அம்மா போனில் அழுதாள், சார் என்றார். என் பெரியம்மாவின் மூட்டை ஞாபகம் வந்தது, மேலே கேட்கவில்லை.