சாம்பல் சொல்லும் சாட்சி

நினைவு என்பது கல்வெட்டா? நேற்றுக் கண்ட அடிதடியையே இன்று இருவர் இருவிதமாகக் கூறக் கேட்கிறோம். மனிதன் பழையதை அப்படியே எடுத்துத் தருவதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியே சொல்கிறான் என்று கேம்பிரிட்ஜ் உளவியல் அறிஞர் பார்ட்லெட் 1932-இல் காட்டினார். அப்படியானால், கொடுமைக்கு ஆளானோர் சொல்லை நாம் நம்பவே கூடாதா? கீழ்வெண்மணி விடை கூறும்.

1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சை மாவட்டத்தில், கூலி உயர்வு கேட்டதற்காக, செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததற்காக, தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளரின் சேரி தாக்கப்பட்டது. உயிருக்கு அஞ்சி ஒரே குடிசைக்குள் ஒளிந்தோர் தீக்கு இரையாயினர். மாண்டோர் 42 என்றன முதற்செய்திகள். 44 என்று நாம் நினைவு கூர்கிறோம். பெண்கள் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர் என்பதிலும் கணக்குகள் வேறுபடுகின்றன. கரியான உடல்களை எண்ணியவர் தடுமாறியிருக்கலாம். பொறுக்கத்தக்க பிழை அது.

பொறுக்கத் தகாத பிழை வேறொன்று உண்டு. நாளேடுகள் சில இதனை விவசாயிகளுக்குள் மூண்ட மோதல் என்று எழுதின. எரித்தவர் யார், எரிந்தவர் யார் என்பதே அச்சொல்லில் மறைந்தது! 1970-இல் நாகை நீதிமன்றம் மிராசுதார்களுக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. உயர்நீதிமன்றமோ, காரும் கழனியும் உடைய செல்வர்கள் தாமே நடந்துவந்து தீ வைத்திருப்பர் என்பதை நம்ப மறுத்து, அவர்களை விடுவித்தது. ஏழையின் நினைவு அங்கே எதைக் கொண்டு எடை போடப்பட்டது? பின்னர் 1977-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற ‘குருதிப்புனல்’ நாவல், நிலக்கிழாரின் ஆண்மைக் குறையைக் கொடுமைக்குக் காரணமாக்கிற்று; கூலிப் போராட்டம் பின்னுக்குப் போயிற்று.

நினைவு தவறியது எண்ணிக்கையில். செல்வாக்கு தவறியது நீதியில். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாமோ?

கிளியனூருக்கு வெண்மணி தொலைவு. ஆனால் விழுப்புரம் அருகிலன்றோ இருக்கிறது! அந்நகரில் 1978 ஜூலையில் தாழ்த்தப்பட்டோர் 12 பேர் கொல்லப்பட்டனர். அன்று இளைஞராயிருந்தோர் இன்று முதியோர். அவர்கள் சொல்வதை இப்போதே எழுதுவோம். மாண்டோரைப் பெயர் பெயராக எழுதுவோம். இருவர் கூற்று முரண்பட்டால் இரண்டையும் எழுதி, ஆவணங்களோடு ஒப்பிடுவோம். நாம் எழுதாவிடில், நம் வரலாற்றை வேறு கைகள் எழுதும்.