தாழ்ந்த வாசலும் உயர்ந்த வண்டியும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை செஞ்சி நகரைக் கடந்ததும், இருபுறமும் மலைகள் எழுந்து நிற்கின்றன. ஒருபுறம் ராஜகிரி, மறுபுறம் கிருஷ்ணகிரி. இவற்றோடு சந்திராயன் துர்க்கத்தையும் மதிலால் இணைத்து ஒரே கோட்டையாக்கினர் முன்னோர். 1677-இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை இதன் வெளியே காத்துக் கிடந்தது. 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம், மராத்தியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, தமிழகத்திலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

அக்கோட்டையை மாணவர் சிலருடன் நான் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். வாசல்கள் பல, ஒன்றைக் கடந்தால் மற்றொன்று. ராஜகிரியின் உச்சியை நெருங்கும்போது ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே செல்ல வழியில்லை. மாணவர் ஒருவர், “ஐயா, இவ்வளவு பெரிய கோட்டை கட்டியவர்கள் வழியை மட்டும் ஏன் இவ்வளவு குறுக்கினார்கள்?” என்று கேட்டார். “வருகின்றவனைத் தடுப்பதற்காகவே குறுக்கினார்கள்” என்றேன். விடை எளிதாகத்தான் இருந்தது. ஆனால் மலையிலிருந்து இறங்கிச் சாலையில் ஓடும் பஸ்களைக் கண்டபோது, அவ்விடையின் மறுபாதி என் உள்ளத்தில் எழுந்தது. பகைவனைத் தடுக்க வேண்டுமென்றே குறுக்கிய வழி கோட்டை வாசல். தடுக்கும் எண்ணம் யாருக்கும் இல்லாமலே, நம்மவரையே தடுத்து நிறுத்தி உயிர் வாங்கும் வழிகளும் உலகில் உண்டு. சாலையின் மேலே செல்லும் தாழ்ந்த ரயில் பாலங்களே அவை.

இப்பாலங்கள் தோன்றிய வரலாறு கருதத் தக்கது. இங்கிலாந்தில் ரயில் பாதைகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைந்தன. அன்று பாலத்தின் கீழே சென்றவை குதிரை வண்டிகளும் பார வண்டிகளுமே. அவற்றுக்கு எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவே விட்டுக் கட்டினர். மோட்டாரால் ஓடும் மாடி பஸ் பின்னரே வந்தது. பாலம் மூத்தது, பஸ் இளையது. இளையவன் உயரமாக வளர்ந்துவிட்டான். மூத்தவன் வீட்டு வாசலோ உயரவில்லை. இதுதான் சிக்கலின் வேர்.

பொறியியலார் முதலில் வண்டியைக் குறுக்க முயன்றனர். 1927-இல் லேலண்டு நிறுவனம் ‘டைட்டன்’ என்னும் பஸ்ஸை வெளியிட்டது. மேல்மாடியில் நடுவே அமையும் நடைபாதையை ஒரு பக்கமாக ஒதுக்கி, கீழ்த்தளத்தின் கூரைக்குள் தாழ்த்திப் பதித்தனர். அதனால் வண்டியின் உயரம் ஏறத்தாழ 13 அடியாகக் குறைந்தது. மேலே ஒவ்வொரு வரிசையிலும் நால்வர் நெருங்கி அமர வேண்டியதாயிற்று. கீழே அப்பக்கத்தில் அமர்ந்தவர், இறங்கும் அவசரத்தில் நிமிர்ந்து எழுந்தால் தலையில் இடிபடுவார்! சிறு இடிக்கு அஞ்சாது பேரிடியைத் தவிர்த்த உபாயம் இது.

நம் நாட்டிலும் மாடி பஸ்ஸின் வரலாறு நெடியது. கல்கத்தாவில் 1926-லும் பம்பாயில் 1937-லும் அது ஓடத் தொடங்கியது. 1958-இல் தோன்றிய இலங்கைப் போக்குவரத்துச் சபை, லண்டனில் ஓடிய பஸ்களை வாங்கிக் கொழும்பு வீதிகளில் விட்டது. சென்னையிலும் மாடியின் முன்வரிசை இருக்கைக்காகச் சிறுவர் போட்டியிட்ட காலம் உண்டு. அந்த முன்வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் மேற்பகுதி பாலத்தில் மோதினால் முதலில் அடிபடுவது அதுவே. ஓட்டுநரோ கீழ்த்தளத்தில் அமர்ந்திருக்கிறார். தம் தலைக்கு மேலே உள்ளவர்களை அவர் நேரே காண்பதில்லை. தாம் காணாதவர்களின் உயிரைத் தாம் சுமந்து செல்கிறோம் என்பதை இடையறாது நினைந்திருப்பதே மாடி பஸ் ஓட்டுநரின் தனிக் கடமை எனலாம்.

அந்நினைவு ஒரு நொடி தவறினால் என்ன ஆகும்? 1994 செப்டம்பர் 18-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், சாரணச் சிறுமியரை ஏற்றிவந்த மாடி பஸ் ஒன்று ரயில் பாலத்தில் மோதிற்று. சிறுமியர் மூவரும் அவர்களை அழைத்துச் சென்ற பெரியவர் இருவருமாக ஐவர் மாண்டனர். 2010 செப்டம்பர் 11-ஆம் நாள், அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரருகே, 13 அடி உயரமுள்ள மாடி பஸ், 10 அடி 9 அங்குலமே இடம்விட்ட ரயில் பாலத்தில் மோதியது. நால்வர் இறந்தனர். நள்ளிரவு கடந்த நேரத்தில் ஓட்டுநர் வழி தவறி, அவ்வண்டிக்கு உரியதல்லாத சாலையில் புகுந்துவிட்டார். வழிகாட்டும் கருவி கையில் இருந்தது. சாலையோரத்தில் எச்சரிக்கைப் பலகைகளும் இருந்தன. வழியைத் தேடிய கண்ணுக்குப் பலகை புலப்படவில்லை.

ஓட்டுநர்மீது வழக்குத் தொடர்ந்தனர். 2012-இல் நீதிமன்றம், உயிரிழப்பு பற்றிய குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. அதன் பொருள் என்ன? ஓட்டுநருக்குப் பொறுப்பே இல்லை என்பதா? அன்று. தவறு வேறு, குற்றம் வேறு. கவனம் பிசகிய ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதற்குச் சட்டம் வேண்டும் அளவு ஒன்று. உயிர் இழந்தோரின் உற்றார் கேட்கும் கேள்வி மற்றொன்று. முதலாவதற்கு நீதிமன்றம் விடை சொல்லும். இரண்டாவதற்கு நாம் அனைவரும் விடை சொல்ல வேண்டும். அவ்விடத்தில், உயரமான வண்டி வந்தால் உணர்ந்து விளக்கை மின்னச் செய்யும் கருவியைப் பின்னர் அமைத்தனர். அதன் பின்னும் அங்கே லாரிகள் மோதியதுண்டு.

நம் சட்டமும் ஓட்டுநரை விட்டுவிடவில்லை. அசட்டையால் மரணம் விளைவித்தல் பற்றிய பிரிவு 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது. அதன்படி மிகுந்த சிறைத்தண்டனை 2 ஆண்டுகள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதை அதனை 5 ஆண்டுகளாக உயர்த்தியது. தண்டனை அச்சம் ஓரளவுக்கு உதவும். ஆயினும், பாலத்தை அணுகும் ஓட்டுநர் சட்டத்தை எண்ணுவதில்லை. தம் வண்டியின் உயரத்தை எண்ணினாரா என்பதே கேள்வி.

இதற்கு மாறான ஒரு காட்சியும் வரலாற்றில் உண்டு. 1952 டிசம்பர் 30-ஆம் நாள், லண்டன் டவர் பாலத்தின்மீது 78-ஆம் எண் மாடி பஸ் சென்றுகொண்டிருந்தது. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பாலம் அது. காவலர் எச்சரிக்கை தராததால், பஸ் மேலே இருக்கும்போதே பாலம் உயரத் தொடங்கியது. ஓட்டுநர் ஆல்பர்ட் கண்டர் நிறுத்த நேரமில்லை என்று கணத்தில் உணர்ந்து, வேகத்தைக் கூட்டி, இடைவெளியைத் தாண்டி மறுபாதியில் பஸ்ஸை இறக்கினார். பயணிகள் பிழைத்தனர். அவருக்குக் கிடைத்த பரிசு 10 பவுன். ஓட்டுநரின் திறமையைப் போற்றுவோம். ஆனால் அத்திறமை தேவைப்பட்டதே பிறர் செய்த பிழையால் அன்றோ? வீரம் வேண்டாத ஏற்பாடே சிறந்த ஏற்பாடு.

ஆகவே பொறுப்பு மூவருடையது என்பேன். ஓட்டுநர் தம் வண்டியின் உயரத்தைத் தம் பெயர்போல் அறிந்திருக்க வேண்டும். அறியாத வழியில் ஐயம் தோன்றினால் நிறுத்தி, இறங்கிப் பார்க்க வேண்டும். வண்டியின் உரிமையாளர், உயரத்தை ஓட்டுநரின் கண்முன் எழுதி வைப்பதோடு, செல்லும் வழியை முன்னரே ஆராய்ந்து தரவேண்டும். சாலையைக் காப்போர், பாலத்தின் நெற்றியில் மட்டும் எண்ணை எழுதிவிட்டு அமைதலாகாது. வேறு வழியில் திரும்ப இடமுள்ள கடைசிச் சந்தியிலேயே எச்சரிக்க வேண்டும். திரும்ப முடியாத இடத்தில் கிடைக்கும் எச்சரிக்கை, எச்சரிக்கை ஆகாது.

செஞ்சிக்கும் இதில் பங்குண்டு. இன்றுவரை ரயில் ஓடாத ஊர் அது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியே திருவண்ணாமலைக்கு ரயில் பாதை அமைக்கும் திட்டம் உண்டு. பாதை வந்தால் அதன் கீழே சாலைகளும் செல்லும். நம் நாட்டில் லெவல் கிராசிங்குகளை ஒழிக்கும்பொருட்டு, குறைந்த உயரமுள்ள சுரங்கப்பாதைகள் பல அமைந்துள்ளன. மாடி பஸ்ஸின் உயரம் 4.75 மீட்டருக்கு மேற்படலாகாது என்கின்றன 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். விதி வண்டியின் உயரத்தைச் சொல்லும். ஒவ்வொரு வாசலின் உயரத்தையும் அறிந்து அமைக்கவும் அறிவிக்கவும் வேண்டியவர் மனிதரே. மாணவர்களாகிய உங்களுள் நாளை பாலம் கட்டுவோர் இருப்பீர்கள். வண்டி ஓட்டுவோரும் இருப்பீர்கள்.

ராஜகிரியின் பிளவின்மேல் உள்ள பாலத்தை ஒருவர்பின் ஒருவராகக் கடந்தபோது, என் முன்னே சென்ற மாணவர் திரும்பி நின்று, “பார்த்து வாருங்கள் ஐயா” என்று கை நீட்டினார். தாம் கடந்த பின்னும் பின்னே வருவோரை நினைத்த அந்தக் கைதான் பொறுப்பு என்பதன் பொருளை எனக்கு விளக்கிற்று.