கோஷா ஆஸ்பத்திரியில் தொடங்கும் கதை

எங்கள் ஆய்க்குடியில் நித்தியகல்யாணிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. வேலியோரம், இடிந்த சுவர், சுடுகாட்டுப் பாதை என்று அதுவாகவே முளைத்துக்கொள்ளும். பெயரில் மணப்பெண் இருக்கிறாள். ஆனால் பாதிப்பேருக்கு அது சுடுகாட்டுப்பூதான். சாமிக்கு வைப்பவர்கள் உண்டு, தலையில் வைப்பவர்கள் இல்லை. மடகாஸ்கரிலிருந்து வந்து உலகம் முழுக்கப் பரவிய செடி இது. 1958-இல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் இதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டினை எலை லில்லி நிறுவனம் 1963-இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு இன்றும் முதல் வாரத்திலேயே ஏற்றப்படும் மருந்து அது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் மருந்துக் கம்பெனிகளுக்காக இதைப் பயிரிடுகிறார்கள். களையெடுப்பது முதல் இலையைக் காயவைப்பதுவரை பெரும்பாலும் பெண்களின் கூலிவேலை.

குழந்தைப் புற்றுநோய் மருந்துகளின் வரலாற்றை நான் படிக்க ஆரம்பித்தது இந்தச் செடியால்தான். படித்த புத்தகங்களில் அநேகமாக எல்லாமே ஒரே இடத்தில் தொடங்கின: 1947, பாஸ்டன், சிட்னி ஃபார்பர். எனக்கு அந்தத் தொடக்கம் பிந்தியது என்று படுகிறது. பதினாறு வருடம் முன்னால் போக வேண்டும், திருவல்லிக்கேணிக்கு.

திருவல்லிக்கேணியில் இப்போது அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பலகை இருந்தாலும் சென்னைக்காரர்கள் வாயில் அது கோஷா ஆஸ்பத்திரிதான். ஆண் டாக்டர் முன்னால் வரமாட்டாத பெண்களுக்காக மேரி ஷார்லிப் 1885-இல் ஆரம்பித்தது. 1931-இன் தொடக்கத்தில் லூசி வில்ஸ் அங்கே வேலை பார்த்தார். கேம்பிரிட்ஜில் படிப்பை 1911-இல் முடித்தவர். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க ஆரம்பித்ததோ 1948-இல். மார்கரெட் பால்ஃபர் என்ற பெண் மருத்துவர் அழைத்ததன்பேரில் 1928-இல் பம்பாய் வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்கள், கர்ப்பமாக இருக்கும்போது ரத்தம் வற்றிச் செத்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் வீங்கியிருந்தன. வில்ஸ் அவர்களுடைய ரத்தத்தோடு நிற்காமல் சாப்பாட்டையும் பார்த்தார். பம்பாயிலும் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் எலிகளுக்கும் குரங்குகளுக்கும் அதே சத்தில்லாத சாப்பாட்டைக் கொடுத்துச் சோதித்தார். கடைசியில் நோயைத் தீர்த்தது மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு. அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உலகம் அதை ‘வில்ஸ் காரணி’ என்று அழைத்தது. 1941-இல் அமெரிக்காவில் கீரையிலிருந்து அதே வகைப் பொருளைப் பிரித்தவர்கள், இலைக்கான லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்றார்கள். நம் ஊர் சுகாதார நிலையத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதுதான்.

இந்தப் பொருளை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்தது, லெடர்லே நிறுவனத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இருந்த குழு. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர், கதர் உடுத்தியதால் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். மட்டும் வாங்கியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஃபார்பர் ஃபோலிக் அமில வகைகளை லுகேமியா குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாகப் பரவியது. தாயின் ரத்தத்தை ஊறவைக்கும் பொருள், கட்டுமீறிப் பெருகும் வெள்ளணுவையும் வளர்க்கிறது. அப்படியானால் அந்தச் சத்துபோலவே தோற்றமளித்து அணுவைப் பட்டினிபோடும் ஒரு போலிச் சத்தைக் கொடுத்தால்? லெடர்லேயில் அத்தகைய போலிகளைச் செய்தவர்களில் முக்கியமானவர் டோரிஸ் சீகர் என்ற வேதியியலாளர். ஃபோலிக் அமிலத்தின் எதிரியைச் செய்ததை அறிவித்த 1947-ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. 1948 ஜூனில் ஃபார்பர் முடிவுகளை வெளியிட்டார்: அமினோப்டெரின் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தணிவு தற்காலிகம்தான். ஆனால் அதுவரை சில வாரங்களிலோ மாதங்களிலோ குழந்தையைக் கொண்டுபோகும் நோய் மருந்துக்கு அசைந்துகொடுத்தது அப்போதுதான். அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஃபார்பர் ‘கீமோவின் தந்தை’. சுப்பாராவை இந்தியாவாவது நினைவில் வைத்திருக்கிறது. சீகர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்? பம்பாயிலும் மதராசிலும் ரத்தம் கொடுத்த பெண்களுக்கு அந்த அளவுகூட இல்லை.

அடுத்த மருந்தான 6-மெர்காப்டோப்யூரின் 1953-இல் வந்தது. அதற்குப் பின்னால் இருந்த கெர்ட்ரூட் எலியனிடம் பிஎச்.டி. இல்லை, பெண் என்பதால் ஆய்வகக் கதவுகள் மூடியே இருந்த காலத்தில் வேலை தேடியவர். நோபல் பரிசு 1988-இல் வந்தது.

இந்த மருந்துகள் எல்லாம் பெருகும் எந்த அணுவையும் தாக்கும். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. நோயணுவில் மட்டும் இருக்கும் ஒரு கோளாறைக் குறிவைக்கும் மருந்தைத்தான் இப்போது இலக்கு மருந்து என்கிறோம். அதற்கான முதல் குறியைக் காட்டியவர்களில் ஜேனட் ரௌலியும் ஒருவர். நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு பகுதிநேரமாக ஆய்வு செய்தவர். குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒப்பிட்டார். ஒருவகை ரத்தப் புற்றுநோயில் 9-ஆவது, 22-ஆவது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருப்பதை 1973-இல் எழுதினார். அந்த இடமாற்றத்தால் பிறக்கும் புரதத்தை அடக்கும் இமாட்டினிப் 2001-இல் வந்தது. இதே கோளாறு, குழந்தைகளின் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவில் ஒரு சிறு பகுதியினரிடம், நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாக, இருக்கும். அந்தப் பிள்ளைகளைத்தான் காப்பாற்றுவது மிகவும் கஷ்டமாக இருந்தது. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் கீமோவோடு இமாட்டினிப்பையும் தொடர்ந்து கொடுத்தபோது, மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் சுமார் 80 சதவீதம். முன்பு அது 35.

விலையோ வேறு கதை. நோவார்ட்டிஸ் கம்பெனியின் கிளிவெக்குக்கு அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது. இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தை 10,000 ரூபாய்க்கும் குறைவாகக் கொடுத்தன. காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி வழக்குப் போட்டது. 2007 ஆகஸ்டில் அதைத் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்ற அமர்வில் இருந்தவர்கள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும். ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் தந்த அதே பிரபா ஸ்ரீதேவன்தான். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. அந்த அமர்வின் இருவரில் ஒருவர் ரஞ்சனா தேசாய். இலக்கு மருந்தின் வரலாற்றில் இந்தத் தீர்ப்புகளை அடிக்குறிப்பாகத் தள்ளிவிட முடியாது. வாங்க முடியாத மருந்து எந்த இலக்கையும் தொடப்போவதில்லை.

இனி அடையாறு. தங்கை புற்றுநோயில் இறந்ததைக் கண்ணால் பார்த்த முத்துலட்சுமி ரெட்டி, தனி மருத்துவமனை வீண் என்றவர்களோடு மல்லுக்கட்டி 1954-இல் 12 படுக்கைகளோடு அதைத் திறந்தார். மறுவருடம் வி. சாந்தா சேர்ந்தார், 2021-இல் இறக்கும்வரை அவருக்கு அதுவே வீடு. எழுபதுகளில் இந்தியாவின் பெரிய மையங்களில்கூட இந்த லுகேமியாவிலிருந்து பிழைத்த பிள்ளைகள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. 1984-இலிருந்து அடையாறு, பம்பாய் டாடா, தில்லி எய்ம்ஸ் மூன்றும் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. புது மருந்து எதுவும் இல்லை. நித்தியகல்யாணியும் வில்ஸ் வழிவந்த மெத்தோட்ரெக்சேட்டும் எலியனின் மாத்திரையும்தான், நம் ஊருக்குத் தாங்குகிற அளவிலும் வரிசையிலும். நான்கு வருடம் நோயின்றி இருந்தவர்கள் 45 முதல் 60 சதவீதமானார்கள்.

சாந்தாவும் இயான் மக்ராத்தும் மற்ற இரு மையத்தாரும் 2005-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. மேலைநாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டால், இங்கே டி-செல் வகை அதிகம், சென்னையில் குறிப்பாக அதிகம். எளிதில் குணமாகும் ஒரு பி-செல் வகை இங்கே குறைவு. நோய் முற்றிய பிறகே பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் தெரிந்தது. கிடுகிடுவெனப் பரவும் இயல்புள்ளது டி-செல் வகை. கடந்த இருபது வருடத்தில் வந்து பேர் வாங்கிய இலக்கு மருந்துகளை எடுத்துப் பாருங்கள்: பிளினாட்டுமோமாப், கார்-டி சிகிச்சைகள், 2023-இல் இந்தியா அங்கீகரித்த நெக்ஸ்கார்19 உட்பட, எல்லாம் பி-செல்லின் மேலிருக்கும் சிடி19 என்ற அடையாளத்தைத் தேடிப் போகிறவை. நெக்ஸ்கார்19-க்கும் முதல் அனுமதி 15 வயது நிரம்பியவர்களுக்குத்தான். டி-செல்லைக் குறிவைப்பது கடினம் என்பது உண்மையான அறிவியல் சிக்கல். நோயற்ற டி-செல்லும் அதே அடையாளத்தைச் சுமக்கிறது, அதையும் அழித்தால் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியே மிஞ்சாது. ஆனாலும் பணமும் ஆளும் எந்தப் பக்கம் முதலில் போகின்றன என்பதை அறிவியல் மட்டுமா முடிவுசெய்கிறது? யாருடைய ரத்தத்தை அதிகம் பார்க்கிறோமோ அங்கேதான் குறி விழுகிறது. லூசி வில்ஸ், ஆலைப் பெண்களின் ரத்தத்தை உட்கார்ந்து பார்க்க முன்வந்ததால்தான் வேறெங்கோ இருந்த குழந்தைக்கு மருந்து பிறந்தது.

பார்க்கப்படாமல் போகிறவர்கள் யார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தில்லி, சென்னைப் பதிவேடுகளையும் மருத்துவமனைக் கணக்குகளையும் வைத்து 2023-இல் லான்செட் ஆன்காலஜியில் வந்த ஆய்வு, புற்றுநோய் என்று கண்டறியப்படும் பிள்ளைகளில் ஆண்பிள்ளைகள் அதிகம் என்றது. இயற்கையிலேயே சில வகைகள் ஆண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். இந்த இடைவெளி அதைத் தாண்டியது. தெற்கில் வடக்கைவிடக் குறைவு என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்ளலாம். செலவு மிகுந்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் போனவர்களில் இடைவெளி இன்னும் பெரிது.

தென்காசிப் பக்கத்துப் பிள்ளைக்கு இந்த நோய் என்று தெரிந்தால் திருநெல்வேலி, மதுரை, இல்லாவிட்டால் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம். மருந்துக்குக் காப்பீட்டு அட்டை உதவும். கூடப் போவது அம்மா. இந்தப் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் அவள் பீடி சுற்றுகிறவளாக இருப்பாள். வார்டில் பீடித்தட்டை மடியில் வைக்க முடியாது, சுற்றாத நாளுக்குக் கூலி கிடையாது. மூன்றாவது மாதம் பிள்ளைக்கு முடி முளைக்கும்போது, நல்லாத்தானே இருக்கா, இன்னும் எதுக்கு என்று வீட்டில் ஒருவர் கேட்பார். நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவளுக்கு ரத்தப் புற்றுநோய் இருந்ததென்று ஊருக்குத் தெரிந்தால் என்னாகும் என்றும் கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு, அடுத்த ஊசித் தேதிக்கு அதிகாலைப் பஸ்ஸில் பிள்ளையை ஏற்றுகிறவளும் அவள்தான்.